சான்றிதழில் ஒரு பெயர், படிவத்தில் இன்னொன்று

பிரித்தானியாவில் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர், வேலைத் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயமான எம்ப்ளாய்மென்ட் ட்ரிப்யூனலுக்கு வழக்கு அனுப்பினால், அதில் அவர் பட்ட அநியாயத்தை யாரும் உடனே படிப்பதில்லை. முதலில் இரண்டு தாள்களை ஒப்பிடுவார்கள். ஒன்று, வேலைத் தகராறுகளில் சமரசம் பேசும் பொது அமைப்பான ஏகாஸ் கொடுத்த முன்சமரசச் சான்றிதழ். மற்றது, வழக்குப் படிவமான இ.டி.1. சான்றிதழ் எண் ஒன்றா, மனுதாரர் பெயர் ஒன்றா, எதிர்மனுதாரர், அதாவது வழக்கை எதிர்கொள்ளும் முதலாளியின் பெயர் ஒன்றா என்று பார்ப்பார்கள். பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் படிவம் திரும்பி வரும். வழக்கு வலுவானதா, முதலாளி செய்தது தவறா என்ற கேள்விகளுக்கு அந்தக் கட்டத்தில் இடமே இல்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தபாலில் அனுப்பும் படிவங்கள் லெஸ்டரில் உள்ள மைய அலுவலகத்துக்கும், ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவுக்கும் போகும். இணையத்தில் அனுப்பினாலும் சோதனை இதேதான். வட அயர்லாந்தில் ஏகாஸ் கிடையாது. அங்கே லேபர் ரிலேஷன்ஸ் ஏஜென்சி, விதிகளும் தனி. இந்தக் கட்டுரை அதைத் தொடவில்லை.

இந்தச் சோதனை எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் அதைத் தாண்டும் வழியும் புரியும். 2013இல் வந்த ஒரு சட்டம் 1996ஆம் ஆண்டின் எம்ப்ளாய்மென்ட் ட்ரிப்யூனல்ஸ் சட்டத்தில் 18ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வழக்குப் போடும் முன் ஏகாஸுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்பது அதன் சாரம். 2014 மே 6 முதல் இது கட்டாயம். சமரசத்துக்கு உட்கார வேண்டும் என்று கட்டாயமில்லை. “எனக்குச் சமரசம் வேண்டாம், சான்றிதழ் கொடுங்கள்” என்று கேட்டாலும் கொடுப்பார்கள். தெரிவித்தீர்களா என்பது மட்டும்தான் சட்டத்தின் அக்கறை. ஆனால் அதைச் சோதிக்க விதிகளை எழுதியவர்கள் “சான்றிதழில் உள்ள பெயரும் படிவத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும்” என்று எழுதி வைத்தார்கள். ஆள் ஏகாஸிடம் போனாரா என்று பார்க்க வந்த விதி, ஆள் பெயரைச் சரியாக எழுதினாரா என்று பார்க்கும் தேர்வாக மாறியது அங்கேதான்.

பழைய 2013 விதிகளில் இது 12ஆம் விதி. 2025 ஜனவரி 6இல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளில் எண்கள் நகர்ந்துவிட்டன, இப்போது 13ஆம் விதியைப் பாருங்கள். மறுபரிசீலனை கேட்கும் பழைய 13ஆம் விதி இப்போது 14. தீர்ப்புகளில் பெரும்பாலும் பழைய எண்களே இருக்கும் என்பதால் இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பெயரைத் திருத்தலாம், தேதியைத் திருத்த முடியாது

பெயர்ப் பிழையால் மட்டும் ஒரு வழக்கு செத்துப்போவது அரிது. பிழையைத் திருத்தி மறுபடி அனுப்பலாம், புதுச் சான்றிதழ் வாங்கலாம். கொல்வது காலக்கெடு.

பெரும்பாலான வழக்குகளுக்கு இதுவரை இருந்து வந்த கெடு 3 மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. இதை 6 மாதமாக்கும் சட்டம் 2025 டிசம்பரில் நிறைவேறியது. உங்கள் வேலைநீக்கத் தேதிக்கு எந்தக் கெடு பொருந்தும் என்பதை ஏகாஸ் தளத்தில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். கீழே உள்ள கணக்கு 3 மாதக் கெடுவை வைத்துப் போட்டது.

மார்ச் 10 வேலைநீக்கம் என்று வைத்துக்கொள்வோம். கெடு ஜூன் 9. ஜூன் 1 அன்று ஏகாஸுக்குத் தெரிவிக்கிறீர்கள், ஜூன் 20 அன்று சான்றிதழ் வருகிறது. இடைப்பட்ட நாட்கள் கணக்கில் வராது. அதோடு, கெடு சமரசக் காலத்திலோ அது முடிந்த ஒரு மாதத்துக்குள்ளோ விழுந்தால், சான்றிதழ் கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதம் உண்டு. எனவே கடைசி நாள் ஜூலை 20. நீங்கள் ஜூலை 15 அன்று படிவத்தை அனுப்பிவிடுகிறீர்கள். ஐந்து நாள் கையில் இருக்கிறது என்று நிம்மதி. ஆனால் சான்றிதழில் முதலாளியின் சொந்தப் பெயர், படிவத்தில் கம்பெனியின் பெயர். ஆகஸ்ட் 5 அன்று நிராகரிப்புக் கடிதம் வருகிறது. ஆகஸ்ட் 10 அன்று திருத்தி அனுப்புகிறீர்கள். குறை திருத்தப்பட்டதால் வழக்கு ஏற்கப்பட்டால், அது ஆகஸ்ட் 10 அன்று தாக்கலானதாகவே கருதப்படும். மூன்று வாரம் தாமதம். ஜூலை 15 உங்கள் கையைவிட்டுப் போய்விட்டது.

இங்கே இன்னொரு பொறியும் உண்டு. அதே விஷயத்துக்கு இரண்டாவது முறை ஏகாஸிடம் போனால் கடிகாரம் மறுபடி நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்காது. வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. சம்பந்தப்பட்ட 2017 வழக்கொன்றில் மேல்முறையீட்டு ட்ரிப்யூனல் இதைத் தெளிவாகச் சொன்னது: கடிகாரத்தை நிறுத்தும் சக்தி முதல் சான்றிதழுக்குத்தான், இரண்டாவதற்கு இல்லை. முதல் சான்றிதழ் வேறு ஆளின் பெயரில் இருந்ததால் கம்பெனியைப் பொறுத்தவரை இரண்டாவதே முதலாவது என்று வாதிடலாம். வாதிடலாம் என்பதோடு சரி, அதை நம்பி நாட்களை ஓட்டாதீர்கள்.

ஒரே பிழை, இரண்டு முடிவு

2014இல் விதி எழுதப்பட்டபோது ஒரு சின்னக் கதவு திறந்து வைக்கப்பட்டது. பெயரில் இருப்பது “சிறு பிழை” என்று நீதிபதி கருதி, அதற்காக நிராகரிப்பது நீதிக்கு உகந்ததல்ல என்றும் கருதினால், வழக்கை ஏற்கலாம். எது சிறு பிழை என்பதில்தான் ஆண்டுக்கணக்கில் சண்டை.

2016இல் அரசு மருத்துவச் சேவையைச் சேர்ந்த டெர்பி கம்யூனிட்டி ஹெல்த் சர்வீசஸ் என்.எச்.எஸ். ட்ரஸ்ட் வழக்கு. அதில் மேல்முறையீட்டு ட்ரிப்யூனல் நிதானமான ஒரு பார்வையை எடுத்தது. சான்றிதழுக்காகக் கொடுக்கும் பெயர் சட்டப்பூர்வமான முழுப்பெயராக இருக்கவேண்டும் என்று விதி கேட்கவில்லை. ஏகாஸ் அந்த நிறுவனத்தைத் தொடர்புகொள்ளப் போதுமானதாக இருந்தால் சரி, கடைப் பெயர்கூடப் போதலாம் என்றது. “லிமிடெட்” விடுபட்டது, “அண்ட்” இடம் மாறியது, ஆஸ்பத்திரியின் பெயர் ட்ரஸ்ட்டின் பெயராகப் போனது போன்றவற்றுக்கு இந்தத் தீர்ப்பு இன்னும் கைகொடுக்கும்.

2017இல் வந்த இரண்டு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் தலை சுற்றும். எஸ்.என்.ஏ. டிரான்ஸ்போர்ட் வழக்கில், சான்றிதழில் இருந்தது கம்பெனி டைரக்டரின் பெயர், படிவத்தில் இருந்தது கம்பெனியின் பெயர். ட்ரிப்யூனல் நிராகரித்தது, மேல்முறையீட்டிலும் அது நின்றது. ட்ரோபிரிட்ஜ் ஆபீஸ் கிளீனிங் சர்வீசஸ் வழக்கிலும் கிட்டத்தட்ட அதே பிழை. கம்பெனியை நடத்தும் ஆளின் பெயர் சான்றிதழில், கம்பெனி பெயர் படிவத்தில். இதில் மேல்முறையீட்டில் மனுதாரர் ஜெயித்தார். ஒரே மாதிரிப் பிழை, இரண்டு முடிவு.

முரண்பாடு போலத் தெரிந்தாலும் உள்ளே ஒரு தர்க்கம் இருக்கிறது. பிழை சிறியதா என்பது ஒவ்வொரு வழக்கின் உண்மைகளைப் பார்த்து முதல் நீதிபதி எடுக்கவேண்டிய முடிவு என்பது முதல் தீர்ப்பின் நிலை. தனிமனிதர் பெயருக்கும் கம்பெனி பெயருக்கும் இடையிலான குழப்பம் எப்போதும் பெரிய பிழை என்று அது சொல்லவில்லை. நீதிபதி எடுத்த முடிவில் சட்டப்பிழை இல்லாததால் தலையிடவில்லை, அவ்வளவுதான். இதிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது ஒன்று: முதல் நீதிபதியின் முன் என்ன உண்மைகள் இருந்தன என்பதே எல்லாம். அவர் முன் ஒன்றும் இல்லையென்றால் அவர் இரண்டு பெயர்களை மட்டும்தான் பார்ப்பார், அவை வேறாக இருக்கும். மேல்முறையீட்டில் போய் விளக்குவது பெரும்பாலும் காலம் கடந்த விளக்கம்.

எண் பிழைகளில் நிலைமை இதைவிடக் கடுமையாக இருந்தது. சான்றிதழ் எண் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கி ஆறு இலக்கம், சாய்கோடு, ஆண்டுக்கு இரண்டு இலக்கம், சாய்கோடு, மேலும் இரண்டு இலக்கம் என்று வரும். 2015இல் யுனைட்டெட் லேர்னிங் ட்ரஸ்ட் வழக்கில், எண்ணில் இலக்கங்கள் விடுபட்டதற்காக நிராகரித்ததை மேல்முறையீட்டு ட்ரிப்யூனல் சரி என்றது. 2019இல் ஈ.ஆன் கண்ட்ரோல் சொல்யூஷன்ஸ் வழக்கில் இன்னும் ஒருபடி மேலே போய், எண் தவறு என்று பின்னால் கண்டுபிடித்தாலும் வழக்கைத் தள்ளியே ஆகவேண்டும் என்றது.

2020 அக்டோபர் 8 அன்று விதி தளர்ந்தது. “சிறு பிழை” என்பதிலிருந்து “சிறு” போய்விட்டது. இப்போது வெறும் பிழை இருந்தாலே போதும், நிராகரிப்பது நீதிக்கு உகந்ததா என்பதுதான் கேள்வி. எண் பிழைக்கும் அதே கதவு திறந்தது. எனவே 2020க்கு முந்தைய தீர்ப்பை எடுத்துக்காட்டி “டைரக்டர் பெயர் போட்டுவிட்டீர்கள், போச்சு” என்று யாராவது சொன்னால், அந்தத் தீர்ப்பு மாறிப்போன வாசகத்தின் மேல் நிற்கிறது என்று ஞாபகப்படுத்துங்கள்.

2023இல் சைன்ஸ்பரிஸ் சூப்பர்மார்க்கெட்டுக்கு எதிரான சம ஊதிய வழக்கில், மேல்முறையீட்டு ட்ரிப்யூனலுக்கும் மேலே உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் பேசியது. நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து போட்ட வழக்கு அது. சிலருடைய சான்றிதழ் எண்கள் படிவத்தில் இல்லை என்று சொல்லி அவர்களை வெளியேற்றப் பார்த்தது கம்பெனி. நீதிமன்றம் மறுத்தது. இந்தச் சோதனை வாசலில் நடக்கவேண்டியது. வாசலைத் தாண்டி வழக்கு உள்ளே வந்தபின், எதிர்த்தரப்பு அதே ஓட்டையைக் காட்டி வழக்கைத் தூக்கி எறியச் சொல்ல முடியாது. இந்த விதிகளின் நோக்கம் மக்களை ஏகாஸிடம் அனுப்புவதே, நல்ல வழக்குகளைக் கதவடைப்பதல்ல. என் பார்வையில் இந்தத் துறையில் வந்த மிக ஆரோக்கியமான தீர்ப்பு இது. பெயர்ப் பிழையை மன்னிக்கக் கேட்டு எழுதும் எவரும் இதை மேற்கோள் காட்டலாம்.

முதலாளி யார் என்று கண்டுபிடிப்பது

பிழைகளில் பாதி இங்கே பிறக்கின்றன. கடையில் எல்லோரும் “அண்ணன்” என்று கூப்பிடுபவர் முதலாளி என்று நினைத்திருப்போம். சட்டத்தின் கண்ணில் முதலாளி ஒரு லிமிடெட் கம்பெனி. பெயர்ப்பலகையில் இருப்பது மூன்றாவது பெயர்.

முதலில் எடுத்துப் பார்க்கவேண்டியது வேலை ஒப்பந்தம் அல்லது எழுத்துப்பூர்வ விவர அறிக்கை. 1996ஆம் ஆண்டின் எம்ப்ளாய்மென்ட் ரைட்ஸ் சட்டத்தின் முதல் பிரிவே இதைக் கேட்கிறது. 2020 ஏப்ரல் 6க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாளிலேயே கொடுக்கவேண்டும், அதில் முதலாளியின் பெயர் இருக்கவேண்டும். தரவில்லை என்றால் பேஸ்லிப், ஆண்டு முடிவில் தரும் வரிச் சான்றான பி60, வேலையை விடும்போது தரும் பி45. இவற்றில் ஒரு எச்சரிக்கை: குழும நிறுவனங்களில் சம்பளம் ஒரு கம்பெனியிலிருந்து வரும், ஒப்பந்தம் வேறு கம்பெனியோடு இருக்கும். எச்.எம்.ஆர்.சி.யின் தனிநபர் வரிக் கணக்கில் உள்நுழைந்தால் உங்களுக்கு வரி பிடித்தவர் யார் என்று தெரியும். ஒப்பந்தமே இல்லாத வேலைகளில் இதுதான் பெரும்பாலும் முதல் தடயம்.

கடை, உணவகம், பெட்ரோல் நிலையம் என்றால் ரசீதைப் பாருங்கள். வாட் எண் இருந்தால் அரசின் இணையச் சேவையில் அதை இட்டு, அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்க்கலாம். கம்பெனி என்றால் அதன் பதிவுப் பெயரைக் கடிதங்களிலும் இணையதளத்திலும் காட்டவேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. இணையப் பக்கத்தின் அடியில், தனியுரிமை அறிவிப்பின் உள்ளே, பொடி எழுத்தில் இருக்கும்.

விசா ஆதரவோடு வந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஸ்பான்சர் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை உள்துறை அமைச்சகம் வெளியிடுகிறது, யாரும் பார்க்கலாம். ஸ்பான்சர்ஷிப் சான்றிதழில் உள்ள பெயரை அதோடு ஒப்பிடுங்கள். முதியோர் இல்லங்களில் வேலைக்கு வந்த பலருக்கு இல்லத்தின் பெயர் தெரியும், அதை நடத்தும் கம்பெனியின் பெயர் தெரியாது. ஸ்பான்சர் ஒரு கம்பெனி, சம்பளம் கொடுத்தது இன்னொன்று என்றால் அது தனியாகவே ஒரு கேள்வி. ட்ரிப்யூனலுக்கு மட்டுமல்ல, விசாவுக்கும்.

எந்தப் பெயர் கிடைத்தாலும் கம்பெனிஸ் ஹவுஸ் தளத்தில் தேடுங்கள், இலவசம். பெயரைவிட எட்டு இலக்கப் பதிவு எண்ணை நம்புங்கள். பெயர் மாறும், எண் மாறாது. பழைய பெயர்கள், தொடங்கிய தேதி, கலைக்கப்பட்டதா என்பதெல்லாம் அங்கே இருக்கும். நீங்கள் 2019இல் சேர்ந்திருக்க, கம்பெனி 2022இல்தான் பதிவாகியிருந்தால் நடுவில் யாரோ தொழிலைக் கைமாற்றியிருக்கிறார்கள். டூபி எனப்படும் கைமாற்ற விதிகள் உள்ளே வரும், பழையவரும் புதியவரும் இருவருமே எதிர்மனுதாரர்களாகத் தேவைப்படலாம். ஒரே முகவரியில் ஒரே குடும்பத்தின் நான்கு கம்பெனிகள், ஒன்றில் அடைப்புக்குறிக்குள் லண்டன், இன்னொன்றில் யுகே என்று இருப்பதும் சாதாரணம்.

கம்பெனியே இல்லை, தனி ஆள் நடத்தும் கடை என்றால் அந்த ஆளின் முழுப்பெயரை எழுதி, பிறகு “ட்ரேடிங் ஆஸ்” என்று கடைப் பெயரைச் சேர்ப்பதுதான் வழக்கம். கூட்டு வணிகம் என்றால் பங்குதாரர்களின் பெயர்கள். குடும்ப மருத்துவர்களின் ஜி.பி. கிளினிக்குகள் பல இன்னும் கூட்டு வணிகங்களாகத்தான் இருக்கின்றன. ஏஜென்சி மூலம் வேலை செய்தவர்களுக்கு ஏஜென்சி, வேலை நடந்த இடம், நடுவில் சம்பளத்தைக் கையாளும் அம்ப்ரெல்லா கம்பெனி என்று மூன்று பேர். கோயில்களும் சங்கங்களும் பதிவு பெற்ற அறக்கட்டளையாக இருந்தால் சாரிட்டி கமிஷன் பதிவேட்டில் தேடலாம். கம்பெனி வடிவம் இல்லாத அறக்கட்டளை என்றால் பொறுப்பாளர்களின் பெயர்கள் தேவைப்படும்.

இத்தனைக்குப் பிறகும் ஐயம் இருந்தால் செய்யவேண்டியது எளிது. சந்தேகப்படும் ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாக ஏகாஸுக்குத் தெரிவித்து, தனித்தனிச் சான்றிதழ் வாங்குங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. தேவையில்லாதவரைப் பின்னால் விட்டுவிடலாம். சான்றிதழ்கள் வேறு வேறு தேதியில் வந்தால் காலக்கெடுவை எது முன்னால் முடிகிறதோ அதை வைத்துக் கணக்கிடுங்கள். ஒரே ஏகாஸ் படிவத்தில் இரண்டு எதிர்மனுதாரர்களை அடைக்க முயலவேண்டாம். ஏ.டி.ஆர். நெட்வொர்க் வழக்கில் அப்படி வந்த ஒரு சான்றிதழ் 2017இல் தப்பியது உண்மை. ஆனால் தப்புவதற்கு மேல்முறையீடு வரை போகவேண்டியிருந்தது.

நம் பெயரே சிக்கலாகும்போது

எதிர்மனுதாரர் பெயரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். மனுதாரர் பெயரும் ஒத்துப்போகவேண்டும் என்று அதே விதி சொல்கிறது. தமிழர்களுக்கு இது வெறும் ஏட்டுச் சிக்கல் அல்ல. படிவம் கேட்பது முதல் பெயர், குடும்பப் பெயர். நமக்கு இருப்பது அப்பா பெயரும் சொந்தப் பெயரும், அல்லது ஓர் இனிஷியல். பாஸ்போர்ட்டில் ஒரு வரிசை, விசாவில் இன்னொரு வரிசை, பேஸ்லிப்பில் இனிஷியலோடு ஒன்று, கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயர் சேர்ந்து இன்னொன்று. ஏகாஸ் படிவத்தை ஒரு நாள் பாஸ்போர்ட்டைப் பார்த்தும், இ.டி.1ஐ இரண்டு மாதம் கழித்து பேஸ்லிப்பைப் பார்த்தும் நிரப்பினால் இரண்டு ஆட்கள் போலத் தெரியும்.

எந்த வரிசையைத் தேர்ந்தெடுத்தாலும் பரவாயில்லை, இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். எழுத்துக்கூட்டல் உட்பட. படிவத்தை மகளோ நண்பரோ நிரப்பித் தருவதானால், மனுதாரர் என்ற இடத்தில் அவர்கள் தங்கள் பெயரைப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உதவுபவருக்கு என்று பிரதிநிதி பகுதி தனியாக இருக்கிறது. மற்ற ஆவணங்களில் பெயர் வேறு மாதிரி இருப்பதை இ.டி.1இன் 15ஆம் பகுதியில், கூடுதல் தகவல் என்ற கட்டத்தில், இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள்.

அனுப்பும் முன்

சான்றிதழ் வந்த நாளிலேயே அதில் உள்ள இரண்டு பெயர்களையும் படியுங்கள். இன்னும் நல்லது, சமரசக் காலம் ஓடும்போதே பிழையைக் கண்டுபிடிப்பது. அப்போது சமரச அலுவலரிடம் சொன்னால் திருத்த வழி இருக்கிறது. இந்தக் காலம் 2020 டிசம்பர் முதல் 6 வாரமாக இருந்தது, 2025 டிசம்பர் 1 முதல் 12 வாரம். முன்பைவிட அவகாசம் கூடுதல், அதைப் பயன்படுத்துங்கள். சான்றிதழ் வெளிவந்துவிட்டால் புதிதாகத் தெரிவித்துப் புதுச் சான்றிதழ் வாங்குவதுதான் சுத்தமான வழி. சமரசம் வேண்டாம் என்று சொன்னால் வேகமாக வரும்.

இ.டி.1இல் 2.1ஆம் கட்டம் முதலாளியின் பெயர், 2.3 சான்றிதழ் எண். இரண்டையும் நினைவிலிருந்து எழுதாதீர்கள். சான்றிதழைத் திறந்து வைத்து, அங்கிருந்து அப்படியே எடுத்து ஒட்டுங்கள்.

சான்றிதழில் இருப்பது கடைப் பெயர், சரியான கம்பெனிப் பெயர் இப்போதுதான் தெரிந்தது, கெடு நாளை முடிகிறது. இந்த நிலையில் பலர் 2.1இல் “சரியான” பெயரைப் போட்டு மாட்டிக்கொள்கிறார்கள். நேர்மையாக இருக்க நினைத்ததற்குத் தண்டனை. சான்றிதழில் உள்ள பெயரையே 2.1இல் போட்டு, 15ஆம் பகுதியில் “சரியான சட்டப் பெயர் இது என்று நம்புகிறேன், பதிவு எண் இது, பெயரைத் திருத்த அனுமதி கேட்கிறேன்” என்று எழுதுவது பாதுகாப்பானது. தனி ஆளுக்குப் பதில் கம்பெனியைச் சேர்க்கவேண்டியிருந்தாலும் இதே வழி திறந்திருக்கிறது. ஏற்கப்பட்ட வழக்கில் எதிர்மனுதாரரை மாற்றவோ சேர்க்கவோ புதுச் சான்றிதழ் தேவையில்லை என்று 2016இல் ட்ரேக் இன்டர்நேஷனல் வழக்கில் தீர்ப்பானது. அங்கே தாய்க் கம்பெனிக்குப் பதிலாகத் துணைக் கம்பெனிகள் சேர்க்கப்பட்டன. வாசலில் இறுக்கம், உள்ளே தளர்வு என்ற இந்த விசித்திரம்தான் நமக்கு உதவுவது.

பாகுபாட்டு வழக்குகளில் மேலாளரையும் சேர்ப்பவர்கள் கவனிக்க: கம்பெனிக்கு மட்டும் சான்றிதழ் இருந்தால், மேலாளருக்கு எதிரான பகுதி மட்டும் நிராகரிக்கப்படும், மற்றது ஓடும்.

நிராகரிப்புக் கடிதம் வந்தால்

கடிதம் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 14 நாள். எழுத்தில் மறுபரிசீலனை கேட்கவேண்டும். விதி இரண்டு காரணங்களை அனுமதிக்கிறது: முடிவு தவறு, அல்லது குறை திருத்தப்பட்டுவிட்டது. கிட்டத்தட்ட எல்லோரும் இரண்டாவதை மட்டும் எழுதுகிறார்கள். புதுச் சான்றிதழை இணைத்து, மன்னிப்புக் கேட்டு, முடித்துவிடுகிறார்கள். அதனால்தான் மேலே சொன்ன ஆகஸ்ட் 10 கதை நடக்கிறது. முடிவே தவறு என்று நீதிபதி ஏற்றால் வழக்கு முதலில் அனுப்பிய தேதியிலேயே நிற்கும். எனவே அதை முதலில் எழுதுங்கள், திருத்தத்தை மாற்று வாதமாகப் பின்னால் வையுங்கள்.

முதல் வாதத்துக்கு உண்மைகள் வேண்டும். பெயர் எப்படி மாறியது: ஒப்பந்தம் தரப்படவில்லை, பேஸ்லிப்பில் கடைப் பெயர் மட்டும் இருந்தது, டைரக்டர்தான் வேலை கொடுத்தார், சம்பளம் கொடுத்தார். இரண்டு பெயருக்கும் முகவரி ஒன்றே. ஏகாஸ் அலுவலர் அங்கே பேசினாரா, கம்பெனி சார்பில் பதில் வந்ததா? வந்திருந்தால் அந்த மின்னஞ்சலை இணையுங்கள். சமரசத்தின் நோக்கம் நிறைவேறிவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. யார் என்ன பேரம் பேசினார்கள் என்பதை மட்டும் எழுதவேண்டாம், சமரசப் பேச்சு இரகசியம். வழக்கை ஏற்றால் எதிர்த்தரப்புக்கு என்ன நஷ்டம், மறுத்தால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்பதைத் தேதிகளோடு சொல்லுங்கள். விசாரணை வேண்டுமா என்பதையும் அதே கடிதத்தில் சொல்லவேண்டும். கேட்காவிட்டால் காகிதத்திலேயே முடிவாகும். விசாரணை நடந்தால் வருவது நீங்கள் மட்டும்தான், எதிர்த்தரப்புக்கு அங்கே இடமில்லை.

மறுபரிசீலனைக்குப் பதில் வரும்வரை காத்திருக்காமல், புதுச் சான்றிதழோடு இன்னொரு இ.டி.1ஐயும் உடனே அனுப்பிவிடுங்கள். முதலாவது ஏற்கப்பட்டால் இதைத் திரும்பப் பெறலாம். ஏற்கப்படாவிட்டால் தாமதம் சில நாட்களோடு நிற்கும். தாமத மன்னிப்பு வழக்கின் வகையைப் பொறுத்தது. பாகுபாட்டு வழக்கில் “நியாயமும் சமநீதியும்” என்ற அளவுகோல், ஓரளவு இடம் கொடுக்கும். முறையற்ற வேலைநீக்கத்தில் “கெடுவுக்குள் அனுப்புவது நடைமுறையில் சாத்தியமாக இல்லை” என்று காட்டவேண்டும், அது கடினம். முதல் வழக்கைக் கெடுவுக்குள் அனுப்பியவருக்கு இரண்டாவதை அனுப்புவதும் சாத்தியம்தானே என்று எதிர்த்தரப்பு கேட்கும். அதற்கான பதில் 2016ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் டெலிகாம் வழக்கில் இருக்கிறது: முதல் படிவம் சரியாகப் போய்விட்டது என்று மனுதாரர் நம்பியது நியாயமான நம்பிக்கையா என்றே பார்க்கவேண்டும். வக்கீல் நிரப்பிய படிவம் என்றால் அந்த நம்பிக்கையை நியாயம் என்று காட்டுவது கஷ்டம், அவர் பிழை உங்கள் பிழையாகவே எண்ணப்படும். தானே நிரப்பியவருக்கு இங்கே கொஞ்சம் கூடுதல் இடமுண்டு.

மறுபரிசீலனையும் தோற்றால் மேல்முறையீட்டு ட்ரிப்யூனலுக்குப் போக 42 நாள். அங்கே சட்டப்பிழையை மட்டும்தான் பார்ப்பார்கள், மறுபரிசீலனைக் கடிதத்தில் எழுதாமல் விட்ட உண்மைகளைப் புதிதாகக் கொண்டுபோக முடியாது. அந்த 42 நாளும் கறாரானவை. படிவத்தோடு கேட்கப்படும் ஆவணங்கள் கடைசி நாள் மாலை 4 மணிக்குள் போய்ச் சேரவேண்டும்.